உன் அம்மாவின் கட்டைவிரல்

என் சண்டைக்காரி செலினுக்கு,

நம் கோயிலின் பங்கு மலரில் உனக்கு நினைவஞ்சலி போட இடம் கேட்டேன். படம் வைத்து, இறைவனில் இளைப்பாறுகிறாள் என்று எழுதி, நாலு வரியில் முடித்துவிடலாம் என்றார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீ? ஒரு மாங்காய்த் துண்டுக்காகப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வாயாடினவள். அடம்பிடித்து முழுப் பக்கமும் வாங்கிவிட்டேன். எல்லாரும் படிக்கத்தான் எழுதுகிறேன், ஆனால் சொல்வது உன்னிடம்தான்.

நீ போன பிறகு எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஆன்சி, மூன்றாம் வகுப்பு. இந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், பூக்கிரீடம், கையில் மெழுகுதிரி, ஜோடி ஜோடியாகக் கோயிலுக்குள் வருகிற அதே வரிசைதான், மாறவே இல்லை. அந்த வரிசையில் ஆன்சி நிற்கக் கூடாது என்று ஒருவர் கிளம்பினார். யார் தெரியுமா? உன் அம்மா.

முதலில் இருந்து சொல்கிறேன். தவக்காலம் தொடங்கின சமயம் ஆன்சிக்குக் காய்ச்சல். இருமல் இல்லை, சளி இல்லை. தொண்டை மட்டும் செக்கச்செவேலென்று சிவந்து, எச்சில் விழுங்க முடியாமல் அழுதாள். என் மாமியார் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, உள்நாக்கு இறங்கியிருக்கிறது, செலின் அம்மாவிடம் கொண்டுபோய்த் தூக்கிவிடு என்றார்.

நம் தெருப் பிள்ளைகளின் தொண்டைக்கு உன் அம்மாதானே வைத்தியர். கட்டைவிரலில் உப்பைத் தொட்டு, வாய்க்குள் விட்டு, உள்நாக்கை ஓர் அமுக்கு. பிறகு உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழுப்பு. நீயும் நானும் அந்த விரலைக் கடித்து வைத்தவர்கள்தானே. நான் அவரிடம் போகாமல், ஆன்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகத் தக்கலை பஸ்ஸில் ஏறினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தைகள் டாக்டரம்மா பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஸ்ட்ரெப் என்கிற கிருமி என்று வந்தது. மருந்து கொடுத்தார், பாதியில் நிறுத்தக் கூடாது என்றார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளைதான் நன்றாகிவிட்டாளே, இன்னும் எதற்கு மருந்து என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசி வேளை வரைக்கும் நான் ஊட்டினேன். துப்பினாள், கடித்தாள், நான் விடவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியாதா? உனக்கும் இதே தொண்டைதான் வலித்தது. உன் அம்மா தூக்கிவிட்டார், வலியும் போனது. சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் முழங்கை. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும் என்று தைலம் தேய்த்தார்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது கோயில் படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். அப்புறம்தான், மருந்து கொடுக்காமல் விட்ட அந்தத் தொண்டை நோயால் இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது என்ற பேச்சே வந்தது. அது மறுபடி வராமலிருக்க இடுப்பில் போடுகிற ஊசிக்கு மாதாமாதம் போக வேண்டும் என்றார்கள். ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அதையும் நிறுத்தினார்கள்.

உன்னைப் பெட்டியில் வைத்திருந்தபோது, ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஒரு பெண் சொன்னாள். செலின், எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆண்டவர் மேல் பழி போட எத்தனை சுலபமாக இருக்கிறது பார்.

சரி, கதைக்கு வருகிறேன். மருந்து முடிந்தது. ஆன்சி ஓடுகிறாள், தின்கிறாள், தம்பியை அடிக்கிறாள். எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றேன். நன்றாக இருக்கிற பிள்ளைக்குத் தேவையில்லை என்றார் டாக்டரம்மா. நான் விடவில்லை. சோதித்தார்கள். கிருமி இன்னும் இருக்கிறது என்று வந்தது.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சில பிள்ளைகளின் தொண்டையில் இந்தக் கிருமி பேசாமல் தங்கியிருக்குமாம். பிள்ளைக்கு நோய் இருக்காது, அடுத்தவருக்குத் தொற்றுவதும் அபூர்வமாம். இதற்காகத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்கத் தேவையில்லை, மறுபடி காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மட்டும் உடனே கூட்டி வாருங்கள் என்றார். அப்போ என் பிள்ளை நோயாளி இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லை, இல்லை என்று சலிக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தண்ணிக் குழாயடிக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் ஆன்சியின் ஜோடிப் பிள்ளையை அவள் அம்மா வேறு ஜோடிக்கு மாற்றிவிட்டாள். மறைக்கல்வி எடுக்கிற சிஸ்டர், அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று இழுத்தார். இதையெல்லாம் கிளப்பிவிட்டது உன் அம்மா என்று தெரிந்து நான் புறப்படுவதற்குள், அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"மெர்சி, உனக்க பிள்ளைய வரிசையில நிறுத்தாத மக்கா. எனக்க பிள்ளைய கொண்டு போனதுதான் அவளுக்க தொண்டையில இருக்கு. இன்னொரு வீட்டுக்கு அது போகப்பிடாது."

சண்டைக்கு வந்த முகமே இல்லை, செலின். பயந்து போன முகம். ஆனாலும் நான் இறங்கிவரவில்லை. ஆன்சிக்கு வந்த நோய்க்கு முழு மருந்தும் கொடுத்தாயிற்று, இப்போது இருப்பது நோய் இல்லை, அவள் மூட்டு வீங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில் வாய்க்கு வந்ததையும் சொல்லிவிட்டேன்.

"மாமி, செலினுக்க நோய ஒருத்தரும் நோயின்னு பாக்கல்ல. எனக்க பிள்ளைக்கு நோயே இல்ல, நீங்க எல்லாரும் நோயின்னு பாக்கியோ. ரெண்டுக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்."

உன் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தூக்கிவிட்டேன், அவளுக்கு வலி போச்சு. சரியாப் போச்சுன்னுதானே மக்கா நெனச்சேன்."

அந்த வலி யாரும் தூக்கிவிடாவிட்டாலும் தானாகப் போயிருக்கும் என்றேன். போன வலிக்குப் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்தார்களா என்றும் கேட்டேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவர் எழுந்து போனார்.

புதுநன்மை அன்றைக்கு ஆன்சிக்கு ஜோடி இல்லை. பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு நானே அவள் பக்கத்தில் நடந்தேன். சிஸ்டர் கண்ணைக் காட்டினார், நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டேன். பூசை முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் ஸ்தோத்திரம் சொல்லி ஆசி வாங்கப் போனார்கள். ஆன்சிக்கு இந்தச் சண்டை ஒன்றும் தெரியாதே. நேரே உன் அம்மாவின் முன்னால் போய்க் கை கூப்பி நின்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, உன் அம்மா கையை நீட்டி, அந்தக் கட்டைவிரலால் ஆன்சியின் நெற்றியில் சிலுவை போட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. உன் வீட்டில் ஆன்சிக்கு இன்னும் தனி டம்ளர்தான். அதற்கும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது, நான்தான் ஜெயிப்பேன்.

போன வாரம் ஒருத்தி காய்ச்சலில் கிடந்த பிள்ளையை உள்நாக்குத் தூக்க உன் அம்மாவிடம் கொண்டு வந்திருக்கிறாள். உப்பைத் தொடாமல், அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். தக்கலைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். மூன்று பெண்களும் பிள்ளையுமாகப் போனோம். வழியெல்லாம் பிள்ளையை மடியில் வைத்திருந்தது உன் அம்மாதான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். விரல் விஷயத்தை எடுத்துவிடவா மாமி என்று கேட்டேன். உன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கெடக்கட்டும். பிள்ள பெத்தவ நாலு பேரு வாசிக்கட்டும்."

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், செலின். நம் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலித்தாலும் அது என் பிள்ளை. பஸ்ஸில் ஏற்றுவேன், கடைசி வேளை மருந்து உள்ளே போகிறவரை அந்த வீட்டு வாசலில் நிற்பேன். நோயில்லாத பிள்ளையை வரிசையிலிருந்து விலக்க வந்தாலும் அங்கேயும் நிற்பேன். இன்னொரு பெட்டியின் பக்கத்தில் நின்று பூப் பறித்த கதை சொல்ல ஒருத்தியையும் விடமாட்டேன்.

என்றும் உன் கூட்டுக்காரி,
உன் அம்மாவுக்கு இப்போது இன்னொரு மகள்,
மெர்சி