தூதன் பேரம் பேசக் கூடாதாம்

1978 மார்ச் 4, சனி.

தோட்டத்துக் காமன் கூத்தில் இந்த வருஷம் எனக்கும் ஒரு வேஷம். உடுப்புக்கெல்லாம் என் கடையிலிருந்து துணி கொடுத்தேன். மறுக்க முடியாமல் தூதன் வேஷத்தைத் தந்தார்கள். சிவனின் ஓலையோடு போய், வர மறுக்கும் மன்மதனை மிரட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இன்று ஒத்திகை. மன்மதனாக ஆடும் செல்லையா, வரமுடியாது என்று பாடினான். பேரம் பேசி மிளகு வாங்கிப் பழகிய வாய் எனக்கு. "வராட்டி விடுங்க, பல்லேபொலயில வேற மன்மதன் இருக்கான்" என்று திரும்பி நடந்துவிட்டேன். செல்லையா பதறிப்போய், "இருங்க, வாறேன்!" என்று பின்னால் ஓடிவந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ரதி வேஷம் கட்டும் ஆறுமுகம் மட்டும் சிரிக்கவில்லை. "புருசனப் போகாதன்னு அழுது பாட எனக்கு இருக்கிறதே ஒரு பாட்டு. அதையும் கெடுத்துட்டீங்களே முதலாளி!" கண்ணில் நிஜமாகவே நீர்.

கூத்து வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் போட்டுருவேன். தூதன் எறங்கி வரமாட்டான், முதலாளி."

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த வேஷத்தின் மேல் இத்தனை ஆசை இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். மன்மதன் எரியப்போவது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அந்தப் பாட்டுக்கு அழக் காத்திருக்கிறார்கள். கடையில் முடிவு தெரிந்த பேரத்துக்கு எவன் நிற்பான்?

இப்போது வசனத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "உடனே புறப்படு! மறுபேச்சு கூடாது!"

"லைட்ட அணைச்சிட்டுப் படுங்க" என்றாள் மனைவி.

"பத்து நிமிஷம்."

"அஞ்சு."

ஏழுக்கு முடித்தோம்.