மாமியார் வந்துட்டாங்க

கணவாய்ச் சாவடி
9 நவம்பர் 2009

அன்புள்ள மேரிம்,

நலம். நீயும் வீட்டாரும் நலமா? இங்கே போன் எடுக்காது. உங்கள் ஊர் தலாசுக்கு இறங்கும் லாரிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் படித்தது மின்னணுவியல். வேலைக்கு வந்தது சாவடியின் ரேடியோவைப் பார்த்துக்கொள்ள. வந்த அன்றே எண்ணெய் டப்பாவைக் கையில் கொடுத்து, "ஆன்டெனா கிறீச்சுங்குது தம்பி, ஏறிப் போட்டுட்டு வா" என்றார்கள். ஏறித் தொலைத்தேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது போகட்டும். பனிச்சரிவு என்ற சொல்லை இங்கே யாரும் வாயில் எடுக்கக் கூடாதாம், பேரைச் சொன்னால் வந்து நிற்குமாம். அதனால் அதற்குப் பெயர் மாமியார். "மாமியார் வந்துட்டாங்க" என்று ரேடியோவில் சொன்னால், சாலையில் சரிவு விழுந்துவிட்டது, அடிவாரத் தடுப்புக் கம்பத்தை இறக்கச் சொல் என்று பொருள். கேட்பவன் உடனே "பெரியவங்களா, சின்னவங்களா?" என்று கேட்க வேண்டும். எதற்கு? பெரிதோ சிறிதோ, சாலையை மூடத்தானே போகிறோம்? நான் கேட்பதில்லை. "கேக்கணும்டா, அதுதான் மரியாதை" என்கிறார் எங்கள் மேலாளர் தொக்தோசுன் அண்ணன். பனிக்கு என்ன மரியாதை?

சனிக்கிழமை அம்மாவும் தாய்மாமாவும் கணவாய் தாண்டி உனக்கு நிச்சயத் தோடு போட வருகிறார்கள். எனக்கு லீவு இல்லை. மாமா அரசியல் பேச ஆரம்பித்தால் உன் அப்பாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன்
எல்தியார்


கணவாய்ச் சாவடி
16 நவம்பர்

அன்பு மேரிம்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபம் புரிகிறது. ஆனால் நடந்ததைக் கேள்.

சனிக்கிழமை சாவடியில் நான் மட்டும்தான். மற்றவர்கள் வடக்குப் பக்கம் பனி தள்ளப் போயிருந்தார்கள். பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஜொலோன், அடிவாரத்தில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோவில் கூப்பிட்டான். "எல்தியார், மாமியார் வந்துட்டாங்கப்பா. நான் வர லேட்டாகும்." சொல்லிவிட்டு அணைத்தும்விட்டான். கம்பத்தை இறக்கச் சொன்னேன். வேறு யார்தான் என்ன செய்வார்கள்?

வந்திருந்தது அவன் மனைவியின் அம்மா! ஜாம் பாட்டில்களோடு! அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கம்பத்துக்குப் பின்னால் லாரிகள், ஆடுகள், அவற்றுக்கு நடுவே என் அம்மா.

சாயங்காலம் தொக்தோசுன் அண்ணன் வந்து ஒரே கேள்விதான் கேட்டார். "பெரியவங்களா, சின்னவங்களா?"

"கேக்கலை."

"கேட்டிருந்தா அவன் சிரிச்சிருப்பான்டா, மக்கு!"

கம்பத்தைத் தூக்குவதற்குள் மாமா முறுக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். இதில் என் தப்பு எங்கே? ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வைத்திருந்தால் இது நடக்குமா? ஜொலோன்மீது புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் விளக்கிச் சொல். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லவா?

உன்
எல்தியார்


தலாஸ்
23 நவம்பர்

எல்தியார் அவர்களுக்கு,

நலம்.

விளக்கிச் சொல் என்கிறீர்கள். உங்கள் மாமா அன்று இரவே போனில் விளக்கிவிட்டார். "மாமியார் வந்துட்டாங்கன்னு பையன் ரோட்டை மூடிட்டாம்மா" என்றார். போனை எடுத்தது என் அம்மா, உங்களுக்கு மாமியாராக இருந்தவர். அவர் வாய் திறந்து பேச இரண்டு நாள் ஆயிற்று. அந்தத் தோட்டுப் பெட்டி இனி இந்த வாசப்படி ஏறாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை.

நான் வேலை பார்க்கும் பிரசவ வார்டிலும் இப்படி எத்தனையோ உண்டு. 'இரட்டை' என்று யாரும் வாயால் சொல்ல மாட்டோம். 'ரெண்டு கிண்ணம்' என்போம். யாருக்கும் 'அமைதியான ட்யூட்டி' என்று வாழ்த்தக் கூடாது. வாழ்த்தினால் அன்று வார்டே ரணகளம். எனக்கும் அது அபத்தமாகத்தான் பட்டது. சேர்ந்த அன்றே தாதி சோனுன் அக்காவிடம், "ஏன்க்கா இப்படி?" என்று கேட்டேன். "கேட்டியே, நீ பொழைச்சுக்குவ" என்றார்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் திரும்பப் படித்தேன். ரேடியோ இருக்கிறது, ஜொலோன் இருக்கிறார், ஆடுகள்கூட இருக்கின்றன. ஆட்டை அறுத்து, பூர்சோக் பலகாரம் பொரித்து, அண்டை வீட்டாரை எல்லாம் அழைத்துவிட்டு ஒரு வீடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததே, அது இல்லை. அன்று நான் எப்படி இருந்தேன் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் நானே விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

எந்தச் சனிக்கிழமையும் யாரையும் அனுப்ப வேண்டாம்.

மேரிம்


கணவாய்ச் சாவடி
26 நவம்பர்

மேரிம்,

இதற்கு நாலு பக்கம் பதில் எழுதினேன். எல்லாம் ரேடியோவைப் பற்றியே இருந்தது. கிழித்துப் போட்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜொலோன் ஒரு ஜாம் பாட்டிலை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அது இன்னும் கடுப்பாக இருக்கிறது.

அன்றைக்கு நீ எப்படி இருந்தாய்? என்ன உடுத்தியிருந்தாய்? அவர்கள் வரவில்லை என்று தெரிந்தபோது யார் உன் பக்கத்தில் இருந்தார்கள்? உன் அம்மா பேசாமல் இருந்த இரண்டு நாளும் நீ என்ன செய்தாய்?

எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கி வருகிறேன், அம்மாவும் மாமாவும் இல்லாமல், தோடும் இல்லாமல். உன் அப்பா வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே நிற்கிறேன். அங்கே வந்து சொல்.

எல்தியார்