ஜம்ஷீதின் பிஸ்தா மரங்களுக்குத் தண்ணீர் நிறுத்தியது

அன்பு மகன் ஜம்ஷீதுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் நீயும் உன் மனைவியும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க அல்லாஹ் காக்கட்டும். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் மகள் மெஹர்னூஷ் இந்த வருஷம் நம் ஊர்க் கிணறுகளை எல்லாம் அளந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி! மழையிலும் மலையிலிருந்தும் மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது, மோட்டார்கள் எவ்வளவு இழுக்கின்றன, பாய்ச்சியதில் எவ்வளவு கீழே திரும்புகிறது என்று கூட்டிக் கழித்தாள். மாவுப் பானை மாதிரிதான் பாட்டி, போட்டதைவிட எடுத்தது அதிகமானா மட்டம் இறங்கத்தானே செய்யும் என்றாள். வருஷத்துக்கு என் இடுப்பளவு இறங்குகிறதாம். அவள் அப்பா, உன் அண்ணன் கொத்ரத்துக்கு வந்ததே கோபம். சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பாதித் தண்ணிய மிச்சம் பிடிச்சவன் நான், என் கிணறு எப்படிடி இறங்கும் என்று கத்தினான். அவள் விடுவாளா, மிச்சம் எங்க இருக்குப்பா, அத வெச்சுத்தானே சித்தப்பா பேர்ல புதுத் தோட்டம் போட்டீங்க, முன்னே வாய்க்கால்ல பாஞ்சப்போ கொஞ்சமாவது மண்ணுக்குத் திரும்பிப் போச்சு, இப்போ அதையும் மரம் குடிக்குது என்றாள்.

இஷ்ரத் அத்தையின் மோட்டார் இப்போது காற்றைத்தான் இழுக்கிறது. அவள் மரங்கள் பாதி கருகிவிட்டன. வாசலில் நின்றபடியே, அண்ணி, உங்க மகன் ஜெர்மனி மழையில நனையறான், அவன் மரம் இங்க என் தண்ணியக் குடிக்குது என்றாள். அழக்கூட இல்லை, அதுதான் என்னை அறுத்தது. உன் மரங்களுக்குத் தண்ணீர் நிறுத்துவதை உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்றான் உன் அண்ணன். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அப்புறம் எனக்குக் கை வராது. நேற்று நானே போய் உன் தோட்டத்து வால்வை மூடிவிட்டேன். இந்த வருஷம்தான் முதல் காய் பிடித்திருந்தது. இனி அத்தை கிணற்றில் தண்ணீர் ஏறுமா என்று மெஹர்னூஷிடம் கேட்டேன். ஏறாது பாட்டி, ஊரே நிறுத்தணும், நாம நிறுத்தினா இறங்கறது துளி மெதுவாகும், அவ்வளவுதான் என்றாள். இதை இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை.

மெஹர்னூஷைக் கூப்பிட்டுத் திட்டாதே. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். நல்ல ஆயுளோடும் நிறைந்த வீட்டோடும் இருங்கள். நீ திரும்பி வர வேண்டும் என்று புறப்பட்ட அன்று உன் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றினேனே, அதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்க நான் சொல்லவில்லை. மரம் இல்லாவிட்டாலும் வா.

உன் அம்மா,
தூபா