எழுபது வளைவும் ஒரு பேட்டரியும்

செப். 2, செவ்வாய்

காலை மூடுபனி. ஏழே முக்காலுக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், காரின் நிறம் வெள்ளை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள்: நான், என் கணவர் செல்வராசு. மாற்றுக் கருத்து: சாம்பல் (அவர்; பின்னர் திரும்பப் பெறப்பட்டது). இந்த வீட்டில் இத்தனை தெளிவாக ஒரு முடிவு எட்டப்பட்டு வருடங்கள் ஆகின்றன. கார் வாங்குவதா வேண்டாமா என்கிற துணைக் கேள்வி பிறகு எடுத்துக்கொள்ளப்படும்.

பின்னணி, மறந்துவிடாமல் இருக்க: பதவி உயர்வு ஆணை வந்து ஐந்து நாள். பத்தொன்பது வருடமாக இந்த மலைச் சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இனி கீழே, நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் தலைமை மருந்தாளுநர். 15ஆம் தேதி மதியத்துக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் வேண்டாமென்று நானே சொன்னதாக அர்த்தம்.

அவருக்கு இரண்டு ஏக்கர் மிளகு. மிளகுக் கொடி இடம் மாறாது. அவரும்.

பேருந்தில் தினமும் போய்வர முடியாது. மலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது ஐம்பத்தைந்தாம் வளைவில் எனக்குக் குமட்டல் ஆரம்பம். நாற்பதில் எலுமிச்சம்பழம். இருபதில் எலுமிச்சம்பழத்தாலும் பயனில்லை.

ஆகவே கார். பெட்ரோல் கட்டுபடியாகாது. ஆகவே மின்சாரக் கார். யோசனை அவருடையது.

"காரு இருந்தா நீ தெனமும் ஊட்டுக்கு வந்துரலாம்ல புள்ள."

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.


செப். 3, புதன்

தூறல். மதியம் மின்சாரம் இல்லை. மின்சாரக் கார் பற்றிய கையேட்டை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தேன்.

பத்தொன்பது வருடமாக மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளைப் படிப்பவள். இதுவும் அதே இனம். முன்பக்கம் குணங்கள், பின்பக்கம் பக்கவிளைவுகள்.

— ஆரம்ப விலை ஏழு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம். பக்கத்தில் நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தேடிப் போனால் கடைசிப் பக்கத்தில்: பேட்டரி நீங்கலாக.

— பேட்டரியை வாடகைக்கு எடுக்கலாம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று. அல்லது மொத்தமாக வாங்கலாம். இன்னும் இரண்டே முக்கால் லட்சம்.

— பேட்டரி இரண்டு அளவு. சின்னது 230 கி.மீ. ஓடும். பெரியது 305. எந்தச் சாலையில்? "சோதனைச் சூழலில்." எலிக்குக் குணமானால் மனிதருக்கும் ஆகும் என்று நம்பும் தொழிலில் இருக்கிறேன். குறை சொல்ல வாயில்லை.

— ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் ஒட்டும் பசை உண்டு.

— தரம் மூன்று. கீழ்த்தரத்தில் பின் கதவுக் கண்ணாடி கையால் சுற்றி இறக்க வேண்டும். நடுத்தரத்தில் பெரிய திரை, பின்புறக் கேமரா. மேல்தரத்தில் கூரையில் கண்ணாடி ஜன்னல்: கொல்லிமலையில் மழையைப் படுத்தபடி பார்க்கலாம்.

— ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, மேல்தரத்தில் மட்டும். கீழ்த்தரம் வாங்குகிறவர்கள் சமவெளியில் பிறக்கக் கடமைப்பட்டவர்கள்.

அவர் பேனாவால் "சின்ன பேட்டரி போதும்" என்று ஓரத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறார்.


செப். 5, வெள்ளி

அரை நாள் விடுப்பு. நாமக்கல், கார் ஷோரூம். போகும் வழியில் நான்கு எலுமிச்சம்பழம்.

விற்பனையாளர் பெயர் கோகுல். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை. நாங்கள் எந்த ஊர் என்று கேட்டான், சொன்னோம்.

"மலையா மேடம்? சூப்பர் மேடம். எலக்ட்ரிக்குக்கு மலைதான் மேடம் கரெக்ட்."

"எப்படிங்க?" என்றார் இவர்.

"எறக்கத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாப் போதும் சார். பிரேக்கே வேண்டாம். மோட்டாரே வண்டியப் புடிச்சுக்கும். அப்படிப் புடிக்கறப்ப கரண்டு உண்டாகி பேட்டரிக்குத் திரும்பப் போயிரும்."

இவர் முகத்தில் கல்யாணத்தன்று கூடப் பார்க்காத ஒளி. "அப்ப எழுவது வளைவு எறங்குனா கரண்டு சும்மா வருதுங்களா?"

"சும்மா சார்."

எங்களோடு பக்கத்து வீட்டுப் பொன்னுசாமியும் வந்திருந்தார். மலைமேல் சோளக்காடு ஊரிலிருந்து அடிவாரத்துக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவர். எங்களுக்குத் துணை என்ற பெயரில் எதிரியை வேவு பார்க்க. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பேட்டரி வாடகை கிலோமீட்டருக்குன்னீங்களே தம்பி. எறக்கத்துல காரு கரண்டு சம்பாரிக்குது. அதுக்கும் நாங்கதான் வாடகை தரோணுங்களா?"

கோகுல் திரையைப் பார்த்தான். "கம்பெனியக் கேட்டுச் சொல்றேங்க சார்."

"கேளுங்க. கேட்டுட்டு எங்களுக்கு அது பாக்கி தருமான்னும் கேளுங்க."

கோகுலுக்குக் கோபம் வரவில்லை. மலைக்கே ஒரு வண்டியைக் கொண்டு வந்து காட்டுவதாகச் சொன்னான். 14 ஞாயிறு. மறுநாள் காலை அதே வண்டியில் நான் கீழே இறங்கி வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று இவர் ஏற்பாடு செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நல்ல ஏற்பாடுதான். அதனால் எரிச்சல் அதிகம்.


செப். 8, திங்கள்

வெயில், அதிசயமாக. மருந்து அலமாரியை மூன்றாம் முறை அடுக்கினேன். அகர வரிசையில் இருந்ததை நோய் வரிசைக்கு மாற்றி, மறுபடி அகர வரிசைக்கு. உட்கார முடியவில்லை.

நான் போகிற செய்தி எட்டு மைல் சுற்றளவுக்கு எட்டியாயிற்று. கார் வாங்குகிற செய்தி அதற்கு முன்பே எட்டியிருக்கிறது. இருமல் மருந்து வாங்க வந்த செல்லம்மா:

"ஏனுங்க, காரு வாங்கறீங்களாமா?"

"யோசனைங்க."

"யோசன என்ன யோசன. தெனமும் கீழ போவீங்கல்ல. எங்க வாழத்தார ரெண்டு போட்டுக்கிட்டுப் போனா மண்டில எறக்கிரலாம். எடமிருக்குமுங்களா?"

மலையிலிருந்து வண்டி எதுவும் காலியாக இறங்கக் கூடாது. சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சட்டங்களை விட நன்றாக நடக்கிறது. ஆம்புலன்ஸில் கூட ஒரு முறை அன்னாசிப்பழம் பார்த்திருக்கிறேன். கையேட்டில் டிக்கி 240 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வாழைத்தாரை லிட்டரில் எப்படி அளப்பது?


செப். 10, புதன்

மழை. 

நாட்குறிப்பு விண்ணப்பம் அல்ல, உண்மை எழுதலாம். கையேட்டைத் திறந்து வைத்தபடி நான் நினைத்துக்கொண்டிருந்தது காரைப் பற்றி அல்ல. கீழே ஓர் அறை. ஒரு மேசை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு யாருக்கும் எதுவும் பரிமாற வேண்டாத ஓர் அறை. படிக்காமல் கிடக்கும் புத்தகங்கள் ஒரு பெட்டி.

இதை அவரிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். முதல் முறை அவர் சுவரில் காருக்காகப் பதினைந்து ஆம்பியர் பிளக் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.


செப். 14, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்குக் கார் வந்து சேர்ந்தது. சின்ன பேட்டரி, நடுத்தரம், வெள்ளை. கீழே 94 விழுக்காட்டோடு கிளம்பி மேலே 41 விழுக்காட்டோடு நின்றது. ஐம்பது கிலோமீட்டருக்கு. கையேட்டின் 230 பற்றி யாரும் பேசவில்லை.

நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பார்க்க எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் ஏமாற்றம். 

"சத்தமே இல்லியே," என்றார் ஒருவர். "பின்னால வந்தா ஆடு மாடுக்கு எப்படித் தெரியும்?"

பொன்னுசாமி சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. பொம்மக்கடைல வெச்சா இன்னும் நல்லா இருக்கும்."

சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. கோகுல் இங்கேயே தங்கல். 41 போதும், இறங்கும்போது செலவே இருக்காது, சார்ஜ் வேண்டாம் சார் என்றான்.

இவர் விடவில்லை. "நம்ம ஊட்டுக்கு வந்த வண்டிய அர வவுத்தோட அனுப்பறதுங்களா? நாளைக்கு ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

புது பிளக்கில் மாட்டியாயிற்று. கோகுலுக்கு ஏழு தோசை, கோழிக்குழம்பு. ஐந்தாவதில் கையை இலைக்குக் குறுக்கே வைத்தான். பயனில்லை. இந்த வீட்டில் விருந்தாளிக்கும் வண்டிக்கும் மறுக்கிற உரிமை கிடையாது.


செப். 15, திங்கள்

காலை ஆறரை. கார் 100. கோகுலும் ஏறக்குறைய.

வாசலில் சரக்கு: மிளகு இரண்டு மூட்டை, வாழைத்தார் ஐந்து (செல்லம்மாவுடையது இரண்டு), அன்னாசி ஒரு சாக்கு, தேன் நான்கு பாட்டில், கோழி ஒன்று (உயிரோடு). டிக்கி மூடவில்லை. பின் சீட்டில் நானும் ஒரு மூட்டையும் கோழியும். முன்னால் இவர். ஓட்டியது கோகுல்.

வளைவுகளுக்கு எண் கீழிருந்து. இறங்கும்போது எழுபதிலிருந்து குறைந்துகொண்டே வரும். 68இல் கோகுல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி நிற்கவில்லை, இன்னும் வேகமாகப் போயிற்று. பிரேக். 66, பிரேக். திரையில் மஞ்சள் எழுத்தில் ஏதோ வந்தது.

"அது என்னங்க?"

"சும்மா அறிவிப்பு மேடம்."

56இல் பிரேக்கை அழுத்திய காலை அவன் எடுக்கவே இல்லை. 52இல் கருகல் வாடை. எனக்குக் குமட்டல் வரவில்லை, பயத்தில் அதற்கு இடமில்லை. 47இல் முன் சக்கரத்திலிருந்து புகை. சுவரோரம் ஒண்டி நிறுத்தினான். இவர் இறங்கி சக்கரத்துக்கு இரண்டு கல் வைத்தார். மணி ஏழு நாற்பது.

கோகுல் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மேல எவ்வளவு சார்ஜ் பண்ணீங்க?"

"நூறு சார்."

"நூறா? மலை உச்சில நின்னுக்கிட்டா? கரண்டு திரும்பி வர்றதுக்குப் பேட்டரில எடம் எங்க இருக்கு? எடமில்லேன்னா மோட்டார் புடிக்காது. எல்லாம் பிரேக் மேலதான் வரும். மேல இருந்து எறங்கறப்ப எம்பதுக்கு மேல போடக்கூடாது. யாரு நூறு போடச் சொன்னா?"

இவர் போனை வாங்கினார். "நான்தானுங்க. பசியோட அனுப்பறதுக்கு மனசு வரலீங்க."

மறுமுனையிலிருந்து அடுத்த கேள்வி: "பின்னாடி வெயிட் ஏதாவது இருக்கா?"

கோழி பதில் சொல்லிற்று.

அந்த எண்பதைத் தேடிக் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. பதினெட்டாம் பக்கம், அடியில், பொடி எழுத்து. நானே தவறவிட்டிருக்கிறேன். பத்தொன்பது வருட அனுபவம்.

பிரேக் ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம். இறங்கினோம். 39இல் மறுபடி வாடை, மறுபடி நிறுத்தம். மணி ஒன்பதரை. மூட்டைகளைச் சுவர் மேல் இறக்கி வைத்தோம். மழை பிடித்தது. சேலைத்தலைப்புக்குள் ஆணைக் கடிதம். ஒன்பதே முக்கால். பத்து. இவர் என் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் நடந்தா எத்தன நேரமாகும்?" என்றேன்.

"மதியம் ஆயிரும் புள்ள." பிறகு மெதுவாக, "வேணும்னு செய்யல."

"தெரியுமுங்க."

பத்தே காலுக்கு மேலே ஜீப் சத்தம். பொன்னுசாமி நிறுத்தி, ஒரு வார்த்தை கேலி செய்யாமல் மிளகை ஏற்றினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாழைத்தாரை ஏற்றும்போது மட்டும், கோகுலிடம்: "தம்பி, அந்த வாடகையக் கேட்டுச் சொல்றேன்னீங்களே. நிக்கற நேரத்துக்கும் உண்டுங்களா?"

எனக்கு முன் சீட். இவர் ஏறவில்லை. "அந்தப் பையன ஒண்டியா உட்டுட்டு எப்படி. நீ போ. சாயங்காலம் வந்துருவேல்ல?"

ஜீப் கிளம்பிவிட்டது.

21இல் ஜீப்பை நிறுத்தி வாந்தி. பதினொன்று ஐம்பதுக்குக் கையெழுத்து. சேலையில் சேறு, மடியில் கோழி இறகு ஒன்று. எழுத்தர் இறகைப் பார்த்தபடியே முத்திரை குத்தினார்.

கடைசிப் பேருந்தில் வீடு. அவரும் காரும் மூன்று மணிக்கே பத்திரமாகக் கீழே சேர்ந்தார்களாம்.


செப். 18, வியாழன்

பேருந்து, பேருந்து, பேருந்து. எடை ஒரு கிலோ குறைவு. புது மருந்தறையில் பன்னிரண்டு அலமாரிகள், ஒன்றும் அகர வரிசையில் இல்லை. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்லிவிட்டேன். அறையைப் பற்றி. மேசையைப் பற்றிச் சொல்லவில்லை.

"காரு வர்ற வரைக்குமா?" என்றார்.

"பாக்கலாமுங்க."

மோர் ஊற்றிக்கொண்டார். வழக்கமாக நான்தான் ஊற்றுவேன்.


செப். 21, ஞாயிறு

தூறல். அவர் நேற்று நாமக்கல் போய் முன்பதிவு செய்துவிட்டு வந்தார். பெரிய பேட்டரி, மேல்தரம், கூரை ஜன்னலோடு. ஏற்றத்தில் உருளாமல் பிடிக்குமே, உனக்கு உதவும் என்றார். பேட்டரி வாடகை வேண்டாமென்று மொத்தமாகவே. சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து பதிமூன்று லட்சத்தைத் தொடுகிறது. கைக்கு வர பன்னிரண்டு வாரம்.

பிளக்குக்கு மேலே சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார், பெரிய எழுத்தில்: 80 மட்டும். யார் சொன்னாலும் 80 மட்டும்.

மருத்துவமனைக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை. கீழே இரு சக்கர வண்டி மட்டும் நிறுத்தலாம்.