சைப்பிரஸ் போகாத நானாவுக்கு

நானா, இன்று காலை வடை சுற்றித் தந்த தாளைப் பிரித்தால் உள்ளே சைப்பிரஸ் தீவு. கப்பல் கம்பனி விளம்பரம்: மேகமில்லாத வானம், வரிசையாக இடிந்த தூண்கள். எண்ணெய் ஊறிய அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டே நான்கு வடையையும் தின்று முடித்தேன். துக்கம் என் பசியை ஒருநாளும் கெடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இதே படத்தைத்தான் உங்கள் பித்தளைக் கடையில் விரித்துக் காட்டினீர்கள். கண்டியில் விடாத மழை; உங்களுக்கு விடாத இழுப்பு. வெயிலுள்ள இடத்தில் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"எனத்துக்கு நானா இவ்வளவு தூரம்? வெயிலும் இடிஞ்ச கல்லும் பார்க்கத்தானே வெள்ளைக்காரன் கப்பலேறி இங்க வாறான்? அனுராதபுரத்துக்கு ரயில் இரிக்கி."

"இருவது வருஷமா அனுராதபுரத்தப் பத்திச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்கு விளக்கு விக்கிறேன். இந்த நாடே எனக்குக் கடை, தம்பி. கடைக்குள்ள யாரும் லீவு எடுப்பாங்களா?"

அதோடு நான் விட்டிருக்கலாம். என் வாய் விடவில்லை. ஹஜ்ஜுக்குப் போகாத மனிதர் கல் பார்க்கக் கடல் தாண்டப் போகிறார் என்று பள்ளிவாசல் முற்றத்திலும் கலகெதர பஸ்ஸிலும் பரப்பினேன். ஒரே வாரத்தில் கடைக்கு வந்தவரெல்லாம், "சைப்பிரஸ் ஹாஜியாரே, எப்பப் பயணம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நீங்கள் படத்தை மடித்துவைத்துவிட்டு என்னோடு அனுராதபுரம் வந்தீர்கள்.

முதல் நாளே ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவருடைய நோனாவும் வழி கேட்டார்கள். வழி சொல்லத் தொடங்கிய நீங்கள் ராஜாக்கள் கதைக்குப் போய், குத்துவிளக்கில் முடித்தீர்கள். மறுநாள் அவர்களுடைய சிநேகிதர்கள் நால்வர் வந்தார்கள். தொண்டை வற்ற நீங்கள் பேசியதை நான் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். நான்காம் நாளே திரும்பினோம். ரயிலில் இருமலுக்கு நடுவே சொன்னீர்கள்:

"யாவாரம் நல்லம், தம்பி. லீவுதான் கிடைக்கல்ல."

அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை. சைப்பிரஸ் வெயில் உங்களைக் காப்பாற்றியிருக்குமா, தெரியாது. யாருக்கும் எதையும் விற்காமல் ஒரு மாதம் இருந்திருப்பீர்கள், அது தெரியும்.

போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். தெற்குக் கரையில் காலி நகரத்துக்குப் போய்க் கடல் பார்க்க வேண்டும் என்றார் மதினி. கொழும்புக் கடல் கிட்டத்தானே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எப்பப் போகணும், மதினி?" என்று மட்டும் கேட்டேன்.

திரும்பும் வழியில் தெரிந்தவர்கள் எட்டுப் பேர் எதிர்ப்பட்டார்கள், நானா. ஒருவரிடமும் சொல்லவில்லை.