தொண்ணூற்றாறு டிகிரி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருந்தாலும் அங்கே அலை அடங்கியிருக்கட்டும். இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை என்ற அளவில் நலம்தான். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் சிரிக்கிறாள், ஓட்டையைக் காட்டுவதற்காக.

பெரியப்பாவுக்கு நீங்கள் போன் செய்வதாகப் பெரியம்மா சொன்னார். நம் வீட்டுப் போனும் நன்றாகத்தான் வேலை செய்கிறது அப்பா. நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

அம்மா பாடம் நடத்தும் முறையை நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன்.

பக்கத்துப் பிரிவில் சார் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். சுவரைத் தாண்டிக் கேட்கும். பொய் சொல்லக் கூடாது, கேட்க நன்றாகவே இருக்கும். எந்தக் கேள்விக்கு எத்தனை வரி எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பிரிவில் அம்மா விடையைச் சொல்லவே மாட்டாள். கேட்டால், நீ என்ன நினைக்கிறாய், அதை எப்படிப் பார்க்கலாம் என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். எங்கள் வகுப்பு வாலு ஒருநாள், டீச்சருக்கே தெரியாதுபோல, அதான் நம்மகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க என்றான். அம்மா சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் கீழே விழுந்தது.

அப்படித்தான் தண்ணீர் எப்போது கொதிக்கிறது என்று பார்த்தோம். புத்தகத்தில் நூறு டிகிரி என்று இருந்தது. எங்கள் தெர்மாமீட்டரில் தொண்ணூற்றாறுக்கு மேல் ஏறவே இல்லை. தெர்மாமீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பால் பண்ணையிலிருந்து வேறொன்று வாங்கி வந்தோம். அதிலும் தொண்ணூற்றாறு. வாலு வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, தண்ணீருக்கும் உடம்பு சரியில்லைபோல என்றான். பல நாள் யோசித்த பிறகு, நம் ஊர் மலைமேல் இருப்பதுதான் காரணமோ என்று பால்காரரின் மகள் கேட்டாள். அம்மாவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரி, இதை எப்படி உறுதிப்படுத்துவது, கடல் மட்டத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அதற்கு முந்தின நாள்தான் நீங்கள் போனில் சத்தம் போட்டது. ஊரார் பிள்ளைகளை வைத்து விளையாடாதே, புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. நடுக்கடலில் இருக்கிறவருக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா சொன்னதும் கேட்டது. யார் முதலில் போனை வைத்தீர்கள் என்று மட்டும் தெரியவில்லை. அதனால் வகுப்பில் அம்மா, அவருக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும், வேறு வழி பார்ப்போம் என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிட்டாள். வேறு வழி பார்ப்பதற்குள் பரீட்சை வந்துவிட்டது.

தண்ணீரின் கொதிநிலை என்ன என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் எல்லோருமே தொண்ணூற்றாறு என்று எழுதினோம். நாங்கள் கண்ணால் பார்த்தது அதுதானே. மூன்று வரி எழுத வேண்டிய கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதியதில் நேரமும் போதவில்லை. நிறையப் பேர் பெயில். பார்வையிட வந்த அதிகாரி எல்லோர் முன்னாலும், இந்த வகுப்புக்கு மட்டும் தனி அடுப்பா டீச்சர் என்று கேட்டார். அதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். பால்காரரின் மனைவி வந்து, என் பொண்ணுக்குக் கேள்வி கேட்கத் தெரியுது டீச்சர், பதில் எழுதத் தெரியலையே என்று அழுதபோதுதான் அம்மாவால் முடியவில்லை. அந்தப் பெண்ணை அவள் வீட்டார் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காலையில் நம் வீட்டுக்குப் பால் ஊற்ற அவள்தான் வருகிறாள். அம்மா கதவைத் திறக்க என்னை அனுப்புகிறாள்.

இப்போது அம்மாவும் குறிப்பு சொல்கிறாள், நாங்கள் எழுதுகிறோம். போன வாரம் அதே பாடம் வந்தது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று சொன்னாள். வாலு எழுந்து, டீச்சர், நாம பார்த்தது தொண்ணூத்தாறுதானே என்றான். அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நூறுன்னு எழுதுப்பா என்றாள். அவன் உட்கார்ந்து எழுதினான். எல்லோரும் எழுதினோம். அடுத்த வரியை அம்மா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறாள். நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்று குட்டி கேட்டாள். முன்பென்றால் இருவரும் தெருவில் இறங்கி நடந்து பார்த்திருப்பார்கள். அம்மா, அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மாதக் கடைசியோடு வேலையை விடப்போவதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறாளாம். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். படிக்கிற வேலையைப் பார் என்றாள்.

இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் உங்கள் கப்பல் சமையலறையில் இருக்கிறது என்று போன விடுமுறையில் சொன்னீர்களே அப்பா, அது இன்னும் இருக்கிறதா? ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பாருங்கள். நூறு வரும் என்று நினைக்கிறேன். வந்தால் உங்களுடையதும் சரி, அம்மாவுடையதும் சரி. யாரும் பொய் சொல்லவில்லை. பிறகு அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். சண்டையைப் பற்றியும் பேச வேண்டாம். இங்கே நூறு காட்டுதே, உங்களுக்கு மட்டும் ஏன் தொண்ணூற்றாறு என்று கேளுங்கள், போதும். மாதக் கடைசிக்குள் கேளுங்கள் அப்பா.

நுனி பாத்திரத்தின் அடியில் படாமல் பிடிக்க வேண்டும். பட்டால் தப்பாகக் காட்டும். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.

கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
பெரியவள்