ஏழடிக்காரனின் முட்டி

அன்பு மகளே,

நம் ஊர்க் கூடைப்பந்து அணி இந்த வருஷமும் கடைசி இடம். தோற்றால்தான் புதுப் பையன்களில் நல்லவனை முதலில் பொறுக்கலாம் என்பதால் டெட்ராய்ட்டில் எல்லோருக்கும் ஒரே குஷி.

ஞாயிறன்று உன் மாமா வெர்னான் வந்தார். "ஏழடி ப்ருயிட்டத்தான் எடுக்கணும்" என்று ஆரம்பித்தார். எனக்குப் பிடித்தவன் காலோவே என்ற இன்னொரு பையன். உன் அம்மாவுக்கும் அவன்தான். ஆனாலும் வேண்டுமென்றே, "கரெக்ட் மச்சான், உயரம்தான் முக்கியம்" என்றேன்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்த உன் அம்மா மெல்லத் திரும்பினாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"முட்டி... போனவன்டா... அவன். மடையனுங்களா!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாற்பது நாளாயிற்று. இதுதான் முதல் பேச்சு. வெர்னான் சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினார். நான் விடவில்லை. "முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அரைமணி நேரம் திக்கித் திக்கித் திட்டினாள். காது குளிர்ந்தது.

பட்டாளத்தில் அவசர விடுப்புக் கேட்டிருந்தாயே, அது வேண்டாம் என்று சொல்லிவிடு. சாதாரண விடுப்பிலேயே வா. வந்ததும் நீயும் ஏழடிக்காரன் கட்சி என்று சொல். அவள் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
அந்த இரண்டு மடையர்களில் ஒருவன்,
உன் அப்பா